அங்கீகாரமற்ற செரிமானம்

சோதனைக்கு வந்த சோற்றை நான் தின்றுவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. தின்பதற்குப் பிடித்தது ஏழே நிமிடம்.

என் உத்தியோகத்தைச் சொன்னால் விஷயம் கொஞ்சம் புரியும், கொஞ்சம் சிரிப்பும் வரும். மாநிலச் செரிமான வாரியத்தின் தூத்துக்குடி ஆய்வகத்தில் நான் மெல்லுநர், முதல் நிலை. மெல்லுவது என் வேலை. விழுங்கக் கூடாது. கொடுக்கிற கவளத்தை வாயில் போட்டுப் பதினைந்து தடவை மென்று, கண்ணாடிக் குவளையில் துப்ப வேண்டும். அப்புறம் நடப்பதை ஆளுயரக் கண்ணாடி வயிறு ஒன்று பார்த்துக்கொள்ளும். அதில் அமிலம் உண்டு, கணையநீர் உண்டு, உடம்புச் சூடு உண்டு. நாள் முழுக்கத் தின்றுகொண்டு, வேறொன்றும் செய்யாமல், மூலையில் நின்று உறுமுவதால் அதற்கு நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். நாலு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை ஓர் எண் சொல்லும். அந்தச் சோறு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையாகிறது என்பதற்கான எண். நூறு என்றால் சர்க்கரைப் பாகு. ஐம்பது என்றால் சாதுவான சாப்பாடு.

இவ்வளவு இயந்திரம் வந்த காலத்தில் மெல்லுவதற்கு எதற்கு மனுஷன் என்று என் மாமனார் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். இயந்திரத்தையும் வைத்துப் பார்த்தார்கள். அது பிரமாதமாக அரைத்தது. எச்சில்தான் ஊறவில்லை. மாவுச்சத்தின் முதல் முடிச்சை எச்சில்தான் அவிழ்க்கிறது. வாசனை மூக்கில் ஏறினால்தான் எச்சில் ஒழுங்காக ஊறும். ஆகவே அரசாங்கத்துக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. நேர்காணலில் முன்னால் ஒரு வடையை வைத்து, தொட விடாமல், எங்கள் எச்சிலை மட்டும் அளந்தார்கள். முப்பத்திரண்டு பேரில் நான் முதலாவதாக வந்தேன். என் வாழ்க்கையில் நான் முதல் இடம் பிடித்த பரீட்சை அது ஒன்றுதான்.

மே மாதம், உப்பளத் தொழிலாளர்களின் மதியச் சாப்பாடு சோதனைக்கு வந்தது. எவர்சில்வர் டப்பா. மூடியில் ஆணியால் கீறிய பெயர்: ஜெபராணி. உள்ளே முந்தின இரவு வடித்து, தண்ணீர் ஊற்றி, ஆறிப்போன சோறு. உப்பளத்தில் விடிகாலை நாலரைக்கு வேலை தொடங்கிவிடும். அவர்கள் சாப்பிடுகிற பதினொரு மணிக்கு அந்தச் சோற்றுக்குப் பதினைந்து மணி நேர வயசாகியிருக்கும். அதை அப்படியே, அந்தக் குளிர்ச்சியோடு மென்று துப்ப வேண்டும் என்பது விதி. மெல்லுநர் முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டையும் எழுதியவர், டப்பாவின் ஓரத்தில் சுட்ட கருவாட்டைச் சின்ன வெங்காயத்தோடு நசுக்கி வைக்கும் ஒரு ஜெபராணி இருக்கக்கூடும் என்று யோசிக்கவில்லை.

எச்சில் ஊறட்டும் என்றுதான் ஒரு கவளம் எடுத்தேன். சத்தியமாக.

டப்பாவின் அடி தெரிந்தபோது மணி பன்னிரண்டு இருபது. அரை மணிக்குள் குவளை மாப்பிள்ளையிடம் போயாக வேண்டும். கேன்டீனுக்கு ஓடினேன். அங்கே அரிசியைக் குழைய விடுவது ஒரு கொள்கை. ஆவி பறக்கும் சோறு ஒரு கரண்டி வாங்கி வந்து, பதினைந்து தடவை மென்று, துப்பி, பதிவேட்டில் ஜெபராணி பெயரை எழுதினேன். மாப்பிள்ளை தொண்ணூற்றொன்று என்றது. டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினேன். நான் நன்றி கெட்டவன் இல்லை.

இங்கே கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கதவு என்பது நிலக்கடலை அளவு மாத்திரை. வருடத்துக்கு ஒன்று விழுங்க வேண்டும். இரைப்பையைத் தாண்டி, கணையநீர் வந்து கொட்டுகிற இடத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இத்தனை கிராம் மாவுச்சத்து என்று அதற்குச் சொல்லி வைத்திருப்பார்கள். அந்த அளவு வரைக்கும் சும்மா இருக்கும். தாண்டியதும் கணையத்தின் மாவு கரைக்கும் நொதியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அதன்பிறகு தின்கிற தோசையும் பரோட்டாவும் சுற்றுலா வந்தவர்கள் மாதிரி குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். உடம்பில் ஒட்டாது.

நல்ல கண்டுபிடிப்பு. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் மச்சினனின் காலில் இரண்டு வருடமாக ஆறாத புண் இருந்தது. கதவு போட்ட ஏழாம் மாதம் ஆறியது. காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன மருத்துவரை அவன் அந்தக் காலோடு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு வாரியத்தைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு என்று வந்த கதவு, பிறகு வரக்கூடும் என்பவர்களுக்கு என்று ஆகி, கடைசியில் எல்லோருக்கும் என்று ஆயிற்று. கதவு இல்லாதவருக்குக் காப்பீடு இல்லை; காப்பீடு இல்லாதவருக்கு வேலை இல்லை. எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது; தொழிலும் அளவும் அச்சடித்த அதன் கார்டு, வாங்கிய நாளிலிருந்து படித்துப் பார்க்காமலே என் சட்டைப் பையில் கிடந்தது.

எத்தனை கிராம் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும், அந்தத் தொழிலாளர் சாப்பாட்டின் சோதனை எண்ணை வைத்து வாரியம் தீர்மானிக்கும் என்று அரசாணையில் இருந்தது. எண் கூடினால் கிராம் குறையும். ஜூன் மாதம் உப்பளப் பெண்கள் வரிசையில் நின்று கதவை விழுங்கினார்கள். அளவு, நூற்று முப்பது கிராம். அதாவது ஒரு நாளைக்கு மூணு கிண்ணம் சோறு. பிறகு கதவடைப்பு.

ஆகஸ்டில் ஒரு பெண், தலையில் உப்புப் பெட்டியோடு வரப்பில் விழுந்தாள். அடுத்த வாரம் மூன்று பேர். விழாதவர்களுக்கு வயிறு உப்பியது. கரையாத மாவு பெருங்குடலுக்குப் போனால், அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு; பந்தி முடிந்ததும் அவை விடுகிற காற்று நமக்கு. வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடிக்கவும் என்று வாரியம் சுற்றறிக்கை விட்டது.

அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்ணூற்றொன்று என்ற எண் தட்டில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்களின் சாப்பாடு ஆறிய சோறு. நான் மென்றது ஆவி பறக்கிற குழைசாதம்.

எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் பத்மலோசனி. சாப்பாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று சொல்வது மட்டும் அவருக்கு வராது. சுடுசோற்றுக்கும் ஆறின சோற்றுக்கும் எண் மாறுமா மேடம் என்று, ஏதோ போகிற போக்கில் தோன்றியது போலக் கேட்டேன்.

“அதுக்கு நிறையக் காரணிகள் இருக்கு, இசக்கிராஜா,” என்றார்.

பிறகு அத்தனை காரணிகளையும் சொன்னார். எவ்வளவு நேரம் மெல்லுகிறோம் என்பது ஒன்று. புளியும் மோரும் வயிற்றிலிருந்து சோறு இறங்குவதைத் தாமதமாக்கும். எண்ணெய் இன்னும் தாமதமாக்கும். நார் சுற்றிக்கொண்டால் நொதிக்கு வழி கிடைக்காது. முளைகட்டிய தானியத்தில் நொதி தானாகவே ஊறும். காயை முதலில் தின்று சோற்றைப் பின்னால் தின்றால் ஒரு கணக்கு, மாற்றித் தின்றால் வேறு கணக்கு. அரிசி வேகும்போது அதன் மாவுச்சத்து நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி பிரியும். ஆறவிட்டால் அதில் ஒரு பங்கு மறுபடி இறுகிச் சிக்குப் போடும். சிக்குப்போட்ட பங்குக்கு நொதியால் நுனி கண்டுபிடிக்க முடியாது. மறுபடி சுட வைத்தாலும் முழுசாக அவிழாது. போதாததற்கு ஒவ்வொருவர் குடலும் ஒவ்வொரு வேகம்.

இருபது நிமிடம். வெளியே வந்து பார்த்தால் எல்லாம் கையில் இருந்தது, பதிலைத் தவிர. திரும்பிப் போய், அப்படியானால் ஆறின சோறு என்று பதிவு செய்துவிட்டு யாராவது சுடுசோற்றைச் சோதித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தைப் பார்த்தார். பிறகு காபி சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வாரியத்தின் துணைத் தலைவர் கோதண்டபாணியிடமிருந்து உத்தரவு வந்தது. உப்பளத்துக்கு ஒருவர் நேரில் போய், விழுந்தவர்களிடம் படிவம் நிரப்பி வர வேண்டும். கையும் வயிறும் காலியாக இருக்கிற ஒரே ஊழியன் நான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

உப்பளத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. கிட்டப் போனால் கண் கூசும், உதடு எரியும், நிழல் என்ற சொல்லே மறந்துபோகும். பாத்தியிலிருந்து வாரிய உப்பை முப்பது கிலோ பெட்டியில் தலைக்கேற்றி, நூறு அடி தள்ளி மலை மாதிரி இருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். ஒருத்திக்கு ஒரு நாளில் நூற்றைம்பது நடை. இதற்கும் இயந்திரம் வந்தது. உப்பு அதை ஆறே மாதத்தில் தின்றுவிட்டது. பெண்கள்தான் நீடித்தார்கள்.

பத்துப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி என்று ஒருவரைக் காட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும். தலையில் சும்மாடு, காலில் ரப்பர் உறை, கண்ணில் யாரோ கொடுத்த கூலிங் கிளாஸ். பெயர் கேட்டேன். ஜெபராணி என்றார். படிவம் என் கையிலிருந்து பறந்துபோய்ப் பாத்தியில் விழுந்தது. அதை எடுக்கப் போய் நானும் பாதி விழுந்தேன்.

“சாரு அந்தச் செரிமான ஆபீசா?” என்றார் ஜெபராணி. “அங்க மெல்லுதது யாரு?”

நான்தான் என்றேன். பொய் சொல்ல வாய் இருந்தது, தெம்பு இல்லை.

“என் டப்பா பளபளன்னு வந்துச்சு. அதுல கருவாட்டு முள்ள பேப்பர்ல மடிச்சு வேற வச்சிருந்திய. மென்னு துப்புறவருக்கு முள்ளு எங்கயிருந்து வந்துச்சுன்னு அன்னைக்கே யோசிச்சேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். தின்றதை, கேன்டீனை, தொண்ணூற்றொன்றை. என்னால்தான் நீங்களெல்லாம் விழுகிறீர்கள் என்றேன். சொல்லும்போது கண் கலங்கியது. உப்புக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கூலிங் கிளாசைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ருசியா இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“அத மொதல்ல சொல்லணும். மத்தத பெறவு பேசுவோம், வா தம்பி.”

சாரிலிருந்து தம்பிக்கு அரை நிமிடத்தில் இறக்கப்பட்டேன். அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

நிலைமை நான் நினைத்ததை விட மோசமாக இருந்தது. இருபதாம் தேதி வாரியத்தின் உடல் தகுதிப் பரிசோதனை. இரண்டு தடவைக்கு மேல் விழுந்தவர்களுக்கு ‘வெயில் வேலைக்குத் தகுதியற்றவர்’ என்று சான்றிதழ் தருவார்கள். அதோடு உப்பளத்து வேலை முடிந்தது. குழுவில் பத்துக்கு ஏழு பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஜெபராணி மூன்று தடவை விழுந்திருந்தார். வேறு ஏதாவது வேலை என்று நான் தொடங்கியதும் கையை நீட்டி நிறுத்தினார். இருபத்தாறு வருஷமாகத் தன் கழுத்து தாங்கிய உப்பில் பாதி ஊருக்குச் சமையல் ஆகியிருக்கும், தன் கழுத்துக்குத் தகுதி இல்லை என்று சொல்ல எவனுக்கும் தகுதி கிடையாது என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். எனக்கு அந்தக் கழுத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பதினொரு மணிக்குச் சாப்பாடு. ஒரு பானையில் கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைத்தார்கள். இளஞ்சூடாக, தண்ணீராக, பானை சாய்த்தால் ஓடுகிற மாதிரி இருந்தது. இதைக் குடித்துவிட்டா முப்பது கிலோ தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். அதில்தான் ஒரு சங்கதி இருக்கிறது என்றார்கள். குழுவில் விமலா என்று ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு என்று முளைகட்டி, காயவைத்து அரைத்த கேப்பை மாவை ஒருநாள் கூழ் போதவில்லை என்று பானையில் கலந்துவிட்டாள். கரண்டி நிற்கிற மாதிரி இருந்த கூழ் பத்து நிமிடத்தில் நீர்த்துப்போய்விட்டது. கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே குடித்தார்கள். லேசாக இனித்தது. அன்றைக்கு ஒருத்தியும் விழவில்லை. மறுநாளும் அதே மாதிரி செய்தார்கள். ஒன்பது நாளாக யாரும் விழவில்லை, வயிறும் உப்பவில்லை.

“இது என்ன மாயம்னு ஒனக்குத் தெரியுமா?” என்று ஜெபராணி கேட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தது. பத்மலோசனி மேடத்தின் காரணிகளில் ஒன்று அது. தானியம் முளைக்கும்போது, தன்னிடம் இருக்கும் மாவைக் குருத்துக்குச் சர்க்கரையாக்கிக் கொடுப்பதற்காக ஒரு நொதியைச் சுரக்கும். நம் எச்சிலிலும் கணையத்திலும் இருக்கிற நொதிக்கு அது பங்காளி. கொதிக்கிற கூழில் போட்டால் செத்துவிடும். சூடு இறங்கியபின் போட்டால், பானையிலேயே மாவை நறுக்கித் தள்ளிவிடும். நறுக்கின மாவுக்குக் கணையத்தின் உதவி வேண்டாம். கதவு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

“கதவு ஒங்க வயித்துக்குள்ள இருக்குக்கா,” என்றேன். “நீங்க வயித்தவே பானைக்குள்ள கொண்டு வந்துட்டீங்க.”

பெண்கள் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவன் இதைக் குடித்தால் சர்க்கரை ஏறிச் சாவான், என் மச்சினன் குடித்தால் ஆறிய கால் மறுபடி புண்ணாகும் என்று எச்சரித்தேன். நூற்றைம்பது நடைக்காரிகளுக்குத்தான் இது சாப்பாடு. அதற்கு ஜெபராணி, சீக்காளிக்கு மருந்து கொடுப்பது நியாயம், சீக்கு இல்லாதவளுக்கும் அதையே கொடுத்து அவளைச் சீக்காளி ஆக்குவது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். நல்ல சாப்பாட்டைக் கண்டால் எனக்கு அறிவு வேலை செய்யாது என்பதற்கு ஏற்கெனவே ஆதாரம் இருக்கிறது.

ஆய்வகத்துக்குத் திரும்பிய உற்சாகத்தில் முளைமாவுக் கூழைப் பற்றி ஐந்து பக்க அறிக்கை எழுதி வாரியத்துக்கு அனுப்பினேன். செய்முறை, சூட்டின் அளவு, ஒன்பது நாள் விவரம், எல்லாம். பாராட்டு வரும் என்று நினைத்தேன். நாலாம் நாள் சுற்றறிக்கை வந்தது: ‘உடலுக்கு வெளியே மேற்கொள்ளப்படும் அங்கீகாரமற்ற செரிமானம் தடை செய்யப்படுகிறது. பணியிடங்களில் முளைகட்டிய தானிய மாவு வைத்திருப்பது விதிமீறல்.’ கீழே ‘ஆதாரம்: மெல்லுநர் இசக்கிராஜாவின் அறிக்கை.’ பிழை செய்தால் நாலு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. நல்லது செய்தால் நாலே நாளில் பெயரோடு அச்சாகிவிட்டது.

ஜெபராணிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. நீ ஒரு வேலையை உருப்படியாகச் செய்ததாகச் சரித்திரமே இல்லையா என்று மட்டும் விசாரித்தார். பிறகு, இனிமேல் மறைத்து வைத்துக் குடிக்கப் போவதில்லை, நடு வரப்பில் வைத்தே குடிக்கப் போகிறோம் என்றார். மறுநாளிலிருந்து அப்படியே செய்தார்கள். மேற்பார்வையாளர் பானையைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் மூன்று பானை வந்தது. பக்கத்து உப்பளங்களுக்கும் பரவியது. தூத்துக்குடிக் கடைகளில் கேப்பை கிடைக்கவில்லை. வாரியம் வேறு வழியில்லாமல் பதினெட்டாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தது.

உப்பளச் சாலையில் பந்தல். மேஜை மேல் வெள்ளைத் துணி, பிஸ்கட், கீச்சிடும் மைக். நடுவில் கோதண்டபாணி, அவருக்கு வலப்பக்கம் பத்மலோசனி, ஓரத்தில் மாதிரிக்கு மெல்லுவதற்காக நான். எதிரே இருநூறு பெண்கள், மேஜைக்கு நேர் முன்னால் ஒரு பானை.

கோதண்டபாணி மரியாதையாகத்தான் பேசினார். கதவால் மாநிலத்தில் எத்தனை கால்கள், எத்தனை கண்கள் காப்பாற்றப்பட்டன என்று சொன்னார், அது உண்மை. செரிமானம் உடலுக்குள் நடக்க வேண்டிய காரியம், அதைப் பானையில் நடத்த ஆரம்பித்தால் எந்தக் கணக்கும் நிற்காது என்றார். கருத்துச் சொல்ல விரும்புபவர் மைக்குக்கு வரலாம் என்றார்.

ஜெபராணி வந்தார்.

“உள்ள நடக்கணுங்கிய, சரி. ஒங்க வீட்டுல இட்லி மாவு ராத்திரி பூரா பொங்குதே, அது யாரு வயித்துல நடக்கு? அரிசிய வேவ வைக்கியளே, அது எதுக்கு? பச்சயா தின்னா செரிக்காதுன்னுதான. அப்ப ஒங்க அடுப்புக்கு மொதல்ல சீலு வச்சிட்டு, பெறவு எங்க பானைக்கு வாங்க.”

கூட்டம் சிரித்து அடங்க நேரமானது. கோதண்டபாணியும் புன்னகைத்தார், பழகிய மனிதர். பிறகு கோப்பைத் திறந்து, உப்பளத்துச் சாப்பாட்டின் எண் தொண்ணூற்றொன்று, இது ஆய்வகத்தில் முறைப்படி மென்று கண்டது, அதன்படி நூற்று முப்பது கிராம் சரியான அளவு, சரியான அளவிலும் விழுகிறவர்கள் வெயில் வேலைக்கு லாயக்கில்லாதவர்கள், அவர்கள் நன்மைக்காகத்தான் நாளை மறுநாள் பரிசோதனை என்றார். ஒவ்வொரு படியும் முந்தின படியில் ஏறி நின்றது. எல்லாவற்றுக்கும் அடியில் என் வாய் இருந்தது.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். சோதனைக்கு வந்த சோற்றை நான் தின்றுவிட்டேன் என்றேன். இருநூறு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கருவாட்டையும் மறைக்காமல் சொன்னேன். அந்தத் தொண்ணூற்றொன்று எங்கள் கேன்டீனுடைய எண், உப்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணை அடியுங்கள் என்றேன். என்னை வீரன் என்று நினைத்துக்கொண்ட அந்த அரை நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

கோதண்டபாணி பத்மலோசனி பக்கம் குனிந்து ஏதோ பேசினார். நிமிர்ந்து, மெல்லுநரின் ஒப்புதலை ஏற்று அந்தச் சோதனை எண் ரத்து செய்யப்படுகிறது என்று அறிவித்தார். பெண்கள் கை தட்டினார்கள். அவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு, நூற்று முப்பது கிராம் அளவும், பரிசோதனைத் தேதியும் மாறாமல் தொடரும் என்றார்.

எனக்குப் புரியவில்லை. எண்ணே இல்லாமல் அளவு எப்படித் தொடரும் என்று கேட்டேன். அது நிர்வாக முடிவு என்றார். எந்த எண்ணை வைத்து எடுத்த முடிவு என்று கேட்டேன். அது கொள்கை சார்ந்தது என்றார். என்னை உட்காரச் சொன்னார்.

நான் உட்காருவதற்குள் ஜெபராணி மேஜையருகே வந்து கையை நீட்டினார்.

“தம்பி, ஒன் கதவு கார்ட எடு.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேஜைத் துணியின் மேல் எனக்கு நேராக வைத்தார். தொழில்: உப்பு சுமத்தல். அளவு: 130 கிராம். தொழில்: மெல்லுநர், அமர்ந்த பணி. அளவு: 130 கிராம். என் கார்டில் தேதி ஏப்ரல். நான் அவர் சோற்றைத் தின்றது மே.

நான்கு மாதமாக ராத்திரி பகலாக நான் சுமந்த பாவம் ஒன்று, என் கண் முன்னால் எடை இழந்தது. நான் குற்றவாளியாகக்கூட இருக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது. கோதண்டபாணியைக் கேட்டுப் பயனில்லை என்று பத்மலோசனி பக்கம் திரும்பினேன்.

“மேடம், இந்த நூத்திமுப்பது எங்கயிருந்து வந்துச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். காரணிகள் வரப்போகின்றன என்று நான் மனதைத் தயார் செய்துகொண்டேன். கோதண்டபாணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். பத்மலோசனி அவர் கைக்குக் கீழிருந்து அதை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். பெண்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“நீங்க சாப்பிட்டதால ஒண்ணும் ஆகல, இசக்கிராஜா. நீங்க ஒழுங்கா மென்னிருந்தாலும் இதே அளவுதான் வந்திருக்கும். எங்க ஆபீஸ்ல நாப்பது பேரை அளந்தோம். நாற்காலியில உக்கார்றவங்க. அந்த அளவை மார்ச் மாசமே எல்லாருக்கும்னு எழுதியாச்சு. உங்களை மெல்ல வச்சது, கேக்கிறவங்களுக்குக் காட்டுறதுக்காக. உப்பளத்துல ஒருத்தரையும் நாங்க அளக்கல. அளந்திருந்தா நானூறுக்குக் குறையாது. அப்பவே எனக்குத் தெரியும். உத்தரவுல இருக்கிற கையெழுத்து என்னோடது.”